சங்கத்திற்கு எந்தக் காமிரா?

சென்ற சில ஆண்டுகளாக நமது நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகக் குழுக் கூட்டங்களில், நூல், சாயம், ஜரிகை, கூலி என்னும் பழைய விஷயங்களுடன் புதிய விஷயம் ஒன்றும் நிகழ்ச்சி நிரலில் ஏறி வருகிறது. சங்கத்திற்குக் காமிரா வாங்குவது பற்றிய விஷயம் அது. தறிக்காரருக்குக் காமிரா எதற்கு என்று கேட்பார் இன்று அநேகமாக இல்லை. 1935-ஆம் ஆண்டில் கோ-ஆப்டெக்ஸ் தோன்றிய நாள் தொட்டு நெடுங்காலம் வரை, சேலை வாங்குவோர் கடைக்கு வந்து, மடிப்பை விரித்து, விரலால் தடவி, வாசலுக்கு எடுத்துச் சென்று வெயிலில் நிறம் பார்த்து வாங்கினர். இன்றும் அவ்வாறு வாங்குவோர் உளர். ஆயினும் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு, படத்தைப் பார்த்துப் பணம் அனுப்புவோர் தொகை பெருகிவிட்டது. மத்திய ஜவுளி அமைச்சகமே 2023-இல் ‘இந்தியா ஹேண்ட்மேட்’ என்னும் இணைய அங்காடியைத் திறந்து, நெசவாளரும் கைவினைஞரும் நேரே விற்பதற்கு வழி செய்திருக்கிறது. அந்த அங்காடியில் துணி இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது துணியின் படமே.

படம் நன்றாக இருந்தால் போதும் என்று இருந்துவிடவும் இயலாது. 2020-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளியான நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, விற்பவர் விளம்பரத்தில் காட்டும் தன்மையும் பொருளின் உண்மைத் தன்மையும் ஒத்திருத்தல் வேண்டும். ஒத்திராத பொருளை வாங்கியவர் திருப்பி அனுப்பினால் ஏற்க மறுக்கலாகாது. ஆகவே படத்தில் நிறம் தவறினால், சேலை திரும்பி வரும்; அனுப்பிய கூலியும் திரும்பிய கூலியும் சங்கத்தின் தலையில் விழும்; கசங்கி வந்த பட்டைத் தள்ளுபடியில்தான் விற்க நேரும். நெய்தவருக்கு இருபது நாள் உழைப்பு. சங்கத்திற்கு ஒரு மாதத்து இலாபம். காமிரா பற்றிய பேச்சு அலங்காரப் பேச்சன்று என்பதற்கு இவ்வளவு சொன்னால் போதும்.

செங்கற்பட்டை அடுத்த சங்கம் ஒன்றிற்கு ஆய்வின்பொருட்டுச் சென்றிருந்தபோது, அவ்வாறு திரும்பி வந்த சேலை ஒன்றைக் கண்டோம். மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை, கோர்வை வேலை குறைவின்றி அமைந்திருந்தது. கைப்பேசியால் எடுத்து அங்காடியில் ஏற்றியிருந்த படத்திலோ உடல் முழுதும் பளிச்சென்ற நீலம். நெய்த பெரியவர் அருகில் நின்றார். “பெரியவரே, படத்தில் இருப்பது உங்கள் சேலைதானே?” என்று கேட்டோம். “சேலை நம்முடையதுதான் ஐயா, நிறம் யாருடையதோ தெரியவில்லை” என்றார் அவர்.

அச்சங்கத்தில் இரு கட்சிகள் இருந்தன. புதிய மிர்ரர்லெஸ் காமிரா ஒன்று வாங்கிவிட வேண்டும் என்பது செயலாளர் கட்சி. பொதுப்பேரவைக் கூட்டங்களைப் படம் எடுப்பதற்காகப் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய காம்பாக்ட் காமிரா ஒன்று பீரோவில் உறங்குகிறது, அதை எழுப்பினால் போதும் என்பது தலைவர் கட்சி. கணக்கில் அதன் மதிப்பு தேய்ந்து தேய்ந்து ஒரு ரூபாயில் வந்து நிற்கிறது. இதே வழக்கு வேறு சங்கங்களிலும் நடப்பதால், இரு கட்சிகளின் நியாயத்தையும் சற்று விரிவாக ஆராய்வது பயனுடையதாகும்.

கைப்பேசி இருக்க இரண்டும் எதற்கு என்று கேட்கும் மூன்றாம் கட்சிக்கு முதலில் விடை கூறிவிடுவோம். இக்காலத்துக் கைப்பேசி பல படங்களை நொடிப்பொழுதில் எடுத்து, ஒன்றாக்கி, பார்ப்பவர் கண்ணுக்கு இனிமையாய் இருக்குமாறு நிறத்தைக் கூட்டியும் குறைத்தும் தருகிறது. மாமல்லபுரத்துக் கடற்கரையில் குடும்பத்துடன் நின்று எடுத்துக்கொள்ளும் படத்திற்கு இது நல்லதே. விற்பனைக்குரிய சேலைக்கு இது ஆகாது. கருவி செய்யும் அழகூட்டலுக்குச் சங்கம் பொறுப்பேற்க நேரும். மேலும் கைப்பேசியின் முதன்மை லென்ஸ் அகன்ற பார்வையுடையது. கிட்ட நின்று எடுத்தால் அருகில் உள்ள கரை பருத்தும், தொலைவில் உள்ள முந்தி சிறுத்தும் தோன்றும். உழவர்க்கோ நிலைமை வேறு. பயிர்க் காப்பீட்டில் வெள்ளம், ஆலங்கட்டி போன்ற இழப்பை 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டியிருக்கிறது. படத்துடன் இடமும் நேரமும் தானே பதிந்து செல்வது கைப்பேசியில்தான். மதுராந்தகம், செய்யூர்ப் பக்கத்துத் தர்ப்பூசணி உழவரும் நெல் உழவரும் அதற்காகக் காமிரா தேடி அலைய வேண்டுவதில்லை.

இனி இரு காமிராக்களையும் அறிமுகம் செய்துகொள்வோம். முன்னைய பெரிய காமிராக்களில் லென்ஸுக்கும் ஒளியுணர் தகட்டுக்கும் இடையே சாய்ந்த கண்ணாடி ஒன்று இருந்தது. லென்ஸ் வழி வந்த ஒளியைக் கண்ணாடி மேலே திருப்ப, நாம் துளை வழியே பார்ப்போம். பொத்தானை அழுத்தும்போது கண்ணாடி ‘டக்’ என்று மேலெழும்பி வழி விடும். அந்தக் கண்ணாடியை நீக்கி, தகட்டில் விழும் பிம்பத்தையே திரையில் எந்நேரமும் காட்டுவதுதான் மிர்ரர்லெஸ். சோனியும் பானசோனிக்கும் முந்திக்கொண்டன. 2008-இல் பானசோனிக் ஜி1 வெளிவந்தது, 2010-இல் சோனியின் நெக்ஸ் வரிசை வந்தது. கேனனும் நிக்கானும் பெரிய தகட்டு மிர்ரர்லெஸ்ஸுக்கு மனம் இரங்கியது 2018-இல். 2020-ஆம் ஆண்டில் ஜப்பானியத் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறிய மிர்ரர்லெஸ்களின் எண்ணிக்கை கண்ணாடிக் காமிராக்களின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது.

காம்பாக்ட் என்பது லென்ஸும் உடலும் பிரிக்க முடியாதபடி ஒன்றாய் அமைந்த சிறு காமிரா. இயக்கியதும் லென்ஸ் குழல் நீண்டு வெளிவரும். அணைத்ததும் ஆமை தலை இழுத்துக்கொள்வது போல் உள்ளே ஒடுங்கும். 2010-ஆம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனங்கள் உலகெங்கும் அனுப்பிய டிஜிட்டல் காமிராக்கள் ஏறத்தாழ 12 கோடி. அவற்றுள் பத்துக் கோடிக்கு மேற்பட்டவை இத்தகைய காம்பாக்ட்களே. பிறகு கைப்பேசி அவற்றை விழுங்கிற்று. 2023-இல் எல்லா வகைக் காமிராக்களும் சேர்ந்தே 80 இலட்சத்திற்கு உட்பட்டுவிட்டன. அண்மைக் காலத்தில் கல்லூரி மாணவர்கள் பழைய காம்பாக்ட்களைத் தேடி வாங்குகின்றனர். அவற்றில் உள்ள சிசிடி என்னும் பழைய வகைத் தகடு தரும் நிறமே நிறம் என்று அவர்கள் கூறுவதையும் கேட்டிருக்கிறோம். நிறத்தைத் தீர்மானிப்பவை தகட்டின் மேல் பதித்த வண்ண வடிகட்டிகளும் காமிராவின் உள்ளே நடக்கும் கணக்கும். தகட்டின் வகைக்கு அதில் உள்ள பங்கு சிறிது. இளைஞர்களின் இந்த மோகத்தால் சங்கங்களுக்கு நேர்ந்தது ஒன்றே: மலிவாய்க் கிடைத்த பழைய காம்பாக்ட் இப்போது மலிவாய்க் கிடைப்பதில்லை.

கனமும் பருமனும் ஒரு பக்கம், படத்தின் தரம் ஒரு பக்கம் என்று தராசில் வைத்துப் பார்க்கும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதிதன்று. லின்னேயஸ் டிரைப் என்பவர் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பெற்று, 1857-58-இல் திருவரங்கம், மதுரை, தஞ்சை முதலிய ஊர்களுக்கு மாட்டு வண்டிகளில் தட்டுமுட்டுச் சாமான்களுடன் சென்றார். அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் எடுத்தால் நுணுக்கம் மிகுதி. ஆனால் அது உடையும், கனக்கும், நம் வெயிலில் மருந்து உலர்ந்துவிடும். டிரைப் தம் பெரிய படங்களுக்கு மெழுகிட்ட காகிதத்தையே தேர்ந்தார். அக்காகிதத்தைக் கொண்டே தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். எழுத்துகளை அதில் படிக்கலாம். குறைந்த கருவி என்று பிறர் சொல்லக்கூடியதைக் கொண்டு வேலைக்கு வேண்டியதைச் சாதித்தார் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம். வெறுமையாய் வந்த வானத்தில் அவர் பின்னர்த் தூரிகையால் மேகம் தீட்டியதும் உண்டு. கைப்பேசிக்கு முன்னோடி என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது நமது சேலைக்கு வருவோம். மயில்கழுத்து நிறம் ஒரு சாயத்தில் பிறப்பதன்று. பாவு ஒரு நிறம், ஊடை வேறொரு நிறம். இரண்டும் குறுக்கும் நெடுக்குமாய்ப் பின்னி, பார்க்கும் கோணத்திற்கேற்ப ஒன்று முந்தியும் மற்றது பிந்தியும் தோன்றும். பட்டு இழையின் மேல் விழும் ஒளி திரும்பும் திசையைப் பொறுத்துச் சேலை நீலமும் ஆகும், பச்சையும் ஆகும். இத்துடன் கரையில் ஜரிகை வேறு. ஜரிகை மின்னுமிடத்தில் ஒளி மிகுந்து படத்தில் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். அதற்குப் பயந்து ஒளியைக் குறைத்தால் அரக்கு கறுத்துவிடும். ஒரே துணியில் இவ்வளவு வெளிச்சமும் இவ்வளவு இருளும் சேர்ந்திருப்பதை ஏந்திக்கொள்ளும் சக்திதான் காமிராவிற்கு நாம் வைக்கும் முதற் பரீட்சை.

அந்தச் சக்தி தகட்டின் பரப்பைச் சார்ந்தது. சாதாரணக் காம்பாக்ட்களின் தகடு ஏறத்தாழ 6.2 மில்லிமீட்டர் நீளமும் 4.6 மில்லிமீட்டர் அகலமும் உடையது. சுண்டுவிரல் நகத்தினும் சிறிது. ‘ஒரு அங்குலத் தகடு’ என்று வழங்கும் மேல்வகைக் காம்பாக்ட்டில் 13.2-க்கு 8.8. (பெயரில் அங்குலம் இருக்கிறதே தவிர, அளவுகோலை வைத்தால் எந்தப் பக்கமும் ஒரு அங்குலம் வராது. வணிகப் பெயர்களின் குணம் அப்படி.) நடுத்தர மிர்ரர்லெஸ்ஸில் 23.5-க்கு 15.6. பெருக்கிப் பார்த்தால், மிர்ரர்லெஸ்ஸின் தகடு சாதாரணக் காம்பாக்ட்டின் தகட்டைப்போல் பதின்மூன்று மடங்கு. அங்குலத் தகட்டைப்போல் மூன்று மடங்கே. முதல் வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. இரண்டாவது வேறுபாட்டை நல்ல வெளிச்சம் பெரும்பாலும் ஈடு செய்துவிடும். பழைய காம்பாக்ட் என்று எல்லாவற்றையும் ஒரே கட்டில் கட்டலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

பிக்ஸல் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். அங்காடியில் ஏறும் படத்திற்கு ஒரு பக்கம் இரண்டாயிரம் பிக்ஸல் இருந்தாலே தாராளம். 2010-இல் வந்த கேனன் எஸ்95 என்னும் காம்பாக்ட் பத்து மெகாபிக்ஸல் தந்தது. அதன் படத்தின் நீளம் 3,648 பிக்ஸல். நமது தேவைக்கு அது போதும், மிச்சமும் உண்டு.

பிக்ஸலைவிட முக்கியமானது, காமிரா ‘ரா’ என்னும் கோப்பைத் தருமா என்பது. சாதாரணமாக நாம் காணும் படம் ‘ஜேபெக்’ வகை. ரா கோப்பு அரிசி என்றால் ஜேபெக் வடித்த சோறு. சோறு குழைந்துவிட்டால் மறுபடி அரிசியாக்க இயலாது. அரிசி கையில் இருந்தாலோ வேண்டிய பதத்தில் வடித்துக்கொள்ளலாம். ஜேபெக் ஒவ்வொரு அடிப்படை நிறத்தையும் 256 படிகளில் பதிகிறது. ரா கோப்பு, காமிராவைப் பொறுத்து, 4,096 படிகளிலோ 16,384 படிகளிலோ பதிகிறது. நீலமாய்ப் போன மயில்கழுத்தை அதன் இயல்புக்கு மீட்பதும், ஜரிகையின் வெள்ளைத் திட்டிலிருந்து புட்டாவை மீட்பதும் ராவில் முடியும். ஜேபெக்கில் பெரும்பாலும் முடியாது. மிர்ரர்லெஸ் அனைத்தும் ரா தருகின்றன என்றே கொள்ளலாம். காம்பாக்ட்களில், மேற்கண்ட எஸ்95, 2008-இல் வந்த பானசோனிக் எல்எக்ஸ்3, 2012-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 போன்ற மேல்வகைகள் மட்டுமே தந்தன. கடைகளில் ஆயிரக்கணக்கில் விற்ற கூல்பிக்ஸ், இக்ஸஸ், சைபர்ஷாட் வகைகளுள் பெரும்பாலானவை தரவில்லை.

நாம் மேலே கூறிய சங்கத்தின் பீரோவைத் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தது இந்தப் பிந்திய இனம். விழாப் படங்களுக்கும் அடையாள அட்டைகளுக்கும் அது உதவும். பட்டுக்கு உதவாது என்று தலைவரிடம் கூறினோம். அதற்காக மிர்ரர்லெஸ் வாங்குங்கள் என்று உடனே செயலாளர் கட்சிக்குத் தீர்ப்பு எழுதிவிடவும் இல்லை. மிர்ரர்லெஸ்ஸிலும் நீங்காத தொல்லைகள் சில உள. அவற்றுள் நெசவாளர் அவசியம் அறிய வேண்டியது மோய்ரே.

மோய்ரே என்பது பிரெஞ்சுச் சொல். அலை அலையாய்த் தோன்றும் பட்டு வகைக்கு இட்ட பெயரே காமிராக்காரர் வாய்க்கும் வந்திருக்கிறது. இரு கொசுவலைகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பிடித்து மெல்ல அசைத்தால் இல்லாத கோலங்கள் தோன்றுமல்லவா? அதுவே இது. துணி ஒரு வலை. தகட்டின் பிக்ஸல் வரிசை மற்றொரு வலை. நாற்பத்தெட்டு அங்குலப் பன்னா முழுவதையும் பத்து மெகாபிக்ஸலின் குறுக்களவில் அடக்கினால், ஒரு பிக்ஸலுக்கு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் துணி வரும். இருபத்து நான்கு மெகாபிக்ஸல் மிர்ரர்லெஸ்ஸில் மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளவில் வரும். நம் இழைகளின் நெருக்கமோ இந்த அளவுகளையே ஒட்டியது. ஆகவே இரு காமிராக்களிலும் வலையும் வலையும் மோதும். வானவில் போன்ற வரிகள் நெய்யாத இடத்தில் நெளியும். கூரிய லென்ஸ் பொருந்திய மிர்ரர்லெஸ்ஸில், அதிலும் படத்தைச் சற்றே மழுக்கும் வடிகட்டியை நீக்கிய வகைகளில், இது குறைவதற்குப் பதில் மிகுவதும் உண்டு. அனகாபுத்தூரில் நெய்த கட்டத் துணிகளும் வாழைநார் கலந்த சேலைகளும் இதற்கு எளிதில் ஆட்படும். பரிகாரம் காசில்லாதது: இரண்டடி முன்னோ பின்னோ நகர்தல், துணியைச் சிறிது திருப்புதல், அல்லது லென்ஸின் துளையை எஃப் 11, எஃப் 16 என்று சுருக்கிக் கூர்மையைச் சற்றே குறைத்தல். முழுச் சேலையை ஒரு படமாகவும், முந்தி, உடல், கரை ஆகியவற்றைக் கிட்டத்தில் தனித்தனியாகவும் எடுப்பது நல்லது. கிட்டத்தில் இழை தனித்துத் தெரியும்போது மோதல் நின்றுவிடும்.

அந்தக் கிட்டத்துப் படத்தில்தான் மிர்ரர்லெஸ்ஸின் மெய்யான மேன்மை தெரிகிறது. காம்பாக்ட் மிகக் கிட்டத்தில் எடுக்க வேண்டுமானால் லென்ஸை அகன்ற பார்வையில் வைத்து, துணிக்கு ஐந்து சென்டிமீட்டர் அருகில் கொண்டு செல்ல வேண்டும். அப்போது காமிராவின் நிழலே சேலை மேல் விழும். மிர்ரர்லெஸ்ஸில் லென்ஸைக் கழற்றி, அருகுப்பார்வைக்கென்றே செய்த மாக்ரோ லென்ஸை மாட்டலாம். கண்ணாடி நீங்கியதால் லென்ஸ் பொருந்தும் வாய்க்கும் தகட்டுக்கும் இடையே உள்ள தூரம் குறைந்துவிட்டது, நிக்கானில் 46.5 மில்லிமீட்டராக இருந்தது 16 மில்லிமீட்டர் ஆயிற்று. மிச்சமான இடத்தில் ஒரு வளையத்தைப் பொருத்தி, ஃபிலிம் காலத்து லென்ஸ்களையும் மாட்டலாம். 55 மில்லிமீட்டர் மைக்ரோ-நிக்கார் போன்ற பழைய மாக்ரோ லென்ஸ், குவியத்தைக் கையால் திருப்ப வேண்டியதாயினும், அசையாது கிடக்கும் சேலைக்கு அதனால் குறையொன்றும் இல்லை. புதிய மாக்ரோ லென்ஸின் விலையில் ஒரு சிறு பங்கே ஆகும். பழையதா புதியதா என்ற வழக்கில் இப்படியும் ஒரு சமாதானம் உண்டு என்பது செயலாளருக்கும் தலைவருக்கும் ஒருங்கே பிடித்திருந்தது.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதனால் குழல் விளக்கும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மங்கி எழும். மிர்ரர்லெஸ்ஸில் ஓசையின்றி எடுக்கும் மின்னணு முறை ஒன்று உண்டு. 2022-இல் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, அத்தகைய மண்டபத்தில் அது பெரும் வரம். தறிக்கொட்டகையின் விளக்கொளியில் அந்த முறையைப் பயன்படுத்தினாலோ படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும். சாதாரண முறையில், நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு வேகத்தில் எடுத்தால் இத்தொல்லை இல்லை. எல்லாவற்றினும் நல்லது வடக்குப் பார்த்த சன்னலின் பகல் வெளிச்சம். அதற்குச் சங்கம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டியதில்லை. துணியோடு ஒரு மூலையில் சாம்பல் நிற அட்டை ஒன்றை வைத்து முதற் படம் எடுத்துக்கொண்டால், அதைக் கொண்டு மற்றப் படங்களின் நிறத்தைத் திருத்தலாம். இந்த அட்டை சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அரை இலட்சத்திற்கு வாங்கும் காமிராவிடம் இந்த அட்டை இன்றி நிறத்தில் நேர்மையை எதிர்பார்க்கலாகாது.

பட்டுக்குச் சொன்னது கல்லுக்குப் பொருந்தாது. மாமல்லபுரத்துச் சிற்பிகள் புவிசார் குறியீடு பெற்ற தம் கற்சிற்பங்களைத் தொலைநாடுகளுக்கு விற்கின்றனர். கல்லில் நிறம் ஏமாற்றுவது குறைவு. அங்கே வேண்டுவது, மூக்கு நுனி முதல் பின்னுள்ள திருவாசி வரை எல்லாம் தெளிவாயிருத்தல். இதில் சிறு தகட்டுக் காமிராவுக்கே அனுகூலம்: அங்குலத் தகட்டுக் காம்பாக்ட் எஃப் 4-இல் தரும் ஆழத்தெளிவைப் பெற, மிர்ரர்லெஸ் எஃப் 7-ஐ ஒட்டிச் சுருங்க வேண்டும். காலை ஏழு மணிக்குப் பக்கவாட்டில் விழும் வெயிலில் வைத்து எடுத்தால், பழைய காம்பாக்ட்டே உளியின் தடத்தைக் காட்டிவிடும். மாவுப்பூச்சியைக் கிட்டத்தில் எடுத்து வேளாண்மை அலுவலருக்கு அனுப்ப விரும்பும் உழவருக்கும் இதே பேச்சு. வேடந்தாங்கல் நாரைகளை எடுக்க ஆசைப்படுவோருக்கு மட்டும் இரண்டும் ஏமாற்றமே. அதற்கான நீண்ட லென்ஸின் விலை காமிராவின் விலையைக் கேலி செய்யும்.

கடற்கரையில் காமிராவுக்குப் பகை உப்பும் மணலும். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை, வீட்டுச் சன்னல் கம்பியே எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கிறது என்பதை அங்குள்ளோர் அறிவர். காம்பாக்ட்டின் நீளும் குழலில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் ‘லென்ஸ் பிழை’ என்று திரையில் எழுதிக்காட்டி நின்றுவிடும். பழைய வகைகளுக்கு உதிரிப் பாகம் கிடைப்பது அரிது. மிர்ரர்லெஸ்ஸில் லென்ஸைக் கழற்றும்போது தகடு வெளியே தெரியும். கடற்காற்றில் கழற்றினால் உப்புத்தூள் அதன் மேலேயே படியும். லென்ஸை அறைக்குள் மாற்றுவது, வெளியில் மாற்றாதிருப்பது என்ற கட்டுப்பாடு ஒன்றால் இது தீரும். குழலில் சிக்கிய மணலுக்கு அவ்வளவு எளிய தீர்வு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் மிகுந்து லென்ஸின் உள்ளே பூஞ்சை படர்வது இரண்டுக்கும் பொது. மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்தால் போதும். அரிசிப் பானையில் புதைக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டுகிறோம்; அரிசித் தவிடு மணலின் தம்பி.

பழையதை எழுப்ப நினைப்போர் இன்னும் இரண்டைச் சோதிக்க வேண்டும். ஒன்று மின்கலம். அந்தந்த வகைக்கென்றே செய்த மின்கலங்கள் பல வழக்கொழிந்தன. பீரோவில் இருந்தது உப்பியிருந்தால் அதை மின்னூட்ட முயலவே கூடாது. மற்றொன்று நினைவட்டை. எஸ்டிஎச்சி என்னும் முறை 2006-இல்தான் வந்தது. அதற்கு முந்திய காமிராக்கள் இரண்டு ஜிபிக்கு மேற்பட்ட அட்டையை ஏற்கமாட்டா. ஒலிம்பஸும் ஃபூஜியும் பயன்படுத்திய எக்ஸ்டி அட்டை இன்று புதிதாய்க் கிடைப்பதே இல்லை எனலாம்.

கணக்குப் பக்கமும் கவனிக்கத்தக்கது. ரிச்சி தெருவிலோ தனியாரிடமோ பழைய காமிரா மலிவாய்க் கிடைக்கிறது என்று ரசீதின்றி வாங்கிவந்தால், காமிரா எவ்வளவு நன்றாய் இருந்தாலும் தணிக்கையில் ஆட்சேபம் எழும். செயலாளர் பணத்தைத் தம் கையிலிருந்து கட்ட நேரிடும். குழுத் தீர்மானம், விலைப்புள்ளிகள், பட்டியல், சொத்துப் பதிவேட்டில் பதிவு, வரிசை எண் குறிப்பு ஆகிய இவை புதியதற்கும் பழையதற்கும் ஒன்றே. பழைய பொருளைப் பட்டியலும் சில மாத உத்தரவாதமும் கொடுத்து விற்கும் கடைகள் சென்னையில் இருக்கின்றன. சங்கம் அணுக வேண்டியது அத்தகையவற்றையே.

ஆகவே எமது கருத்து இது. பீரோவில் உள்ள காம்பாக்ட் அங்குலத் தகடும் ரா கோப்பும் உடையதாயின், புதியதை இந்த ஆண்டு வாங்க வேண்டாம். ஒரு முக்காலி, சாம்பல் அட்டை, வெள்ளைத் திரைத்துணி ஆகியவற்றை வாங்கி, ஆறு மாதம் அதிலேயே பழகுங்கள். ரா இல்லாத சிறு தகட்டுக் காம்பாக்ட் ஆயின், அதைப் பொதுப்பேரவைக்கும் உழவர் கூட்டத்திற்கும் விட்டுவிட்டு, பட்டுக்கு மிர்ரர்லெஸ் வாங்குவதே முறை. லென்ஸ்கள் பலவற்றை வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை. உடலுடன் வரும் லென்ஸ் ஒன்று, பழைய மாக்ரோ ஒன்று போதும். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை எழுதப்பட வேண்டும்: எடுப்பவர் யார்? மிர்ரர்லெஸ்ஸைத் தானியங்கி முறையில் வைத்து ஜேபெக்காக எடுத்தால், கைப்பேசிக்கும் அதற்கும் வாங்குவோர் கண்ணில் வேற்றுமை தெரியாது. நாம் ஆய்வு செய்த சங்கத்தில் நெசவாளர் ஒருவரின் மகள், பட்டதாரி, ரா கோப்பைத் திருத்தும் முறையைத் தாமே கற்று வைத்திருந்தார். அவருக்குப் படத்திற்கு இவ்வளவு என்று கூலி நிர்ணயிக்கும் தீர்மானத்தை முதலிலும், காமிராத் தீர்மானத்தை அதற்கடுத்தும் வைக்குமாறு குழுவிடம் கூறினோம். அவ்வாறே வைத்தனர்.

திரும்பி வந்த மயில்கழுத்துச் சேலையைச் சன்னலோரத்தில் விரித்து, இரவல் வாங்கிய மிர்ரர்லெஸ்ஸால் அப்பெண் மூன்று கோணத்தில் எடுத்தார்: ஒன்றில் நீலம் மிகுந்தும், ஒன்றில் பச்சை மிகுந்தும், நேரே பார்த்ததில் இரண்டும் கலந்தும் வந்தன. மூன்றையும் அங்காடியில் ஏற்றி, ‘பார்க்கும் கோணத்திற்கேற்ப நிறம் மாறும்’ என்று ஒரு வரியும் சேர்க்கச் சொன்னோம். இரண்டு நிற நூலில் நெய்யும் சங்கங்கள் அனைத்தும், எந்தக் காமிராவால் எடுத்தாலும், அந்த மூன்று படத்தையும் அந்த ஒரு வரியையும் வைத்துக்கொள்ளலாம்.